‘இழுவை’ என்று சொல்வதற்கு முன்

ஒரு நாவல் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. “கீழே வைக்க முடியல” என்பது ஒன்று. “இழுவை, நூறு பக்கத்தோட மூடிட்டேன்” என்பது இன்னொன்று. இரண்டுமே வேகத்தைப் பற்றிய பதில்கள். ஆனால் நீங்கள் என்ன வேகத்தில் படித்தீர்கள், ஒரு தடவைக்கு எத்தனை பக்கம், எங்கே உட்கார்ந்து என்று யாரும் கேட்பதில்லை. சமீபத்தில் படித்த, திரும்பப் படித்த சில தமிழ் நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே சொல்கிறேன். கூடவே ஒவ்வொன்றையும் எந்த நடையில் படித்தால் அது திறக்கிறது என்பதையும் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி.

முதலில் கணக்கு. நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில், சாதாரண எழுத்தில் அச்சான நாவல் என்றால் நிதானமாகப் படிக்கும் ஒருவர் மணிக்கு 25 முதல் 30 பக்கம் போகலாம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயிலில் ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் 20 பக்கம் தேறும், நின்றுகொண்டு போனால் பத்துகூடத் தேறாது. இந்தப் பத்துப் பக்கப் படிப்புதான் பல நல்ல நாவல்களுக்கு ‘இழுவை’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகங்களும் கட்டாக வீட்டுக்கு வந்து இரண்டாம் பாகத்தின் நடுவில் நின்றுபோவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வந்த தொடர் அது. மொத்தம் 293 அத்தியாயங்கள். பல அத்தியாயங்களின் கடைசிப் பத்தி வாசகரை ஒரு வாரம் காக்கவைப்பதற்காக எழுதப்பட்டது. ஒரே நாளில் இருபது அத்தியாயம் படித்தால் இருபது தடவை யாரோ திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள், இருபது தடவை ஓர் அலறல் கேட்கிறது. ஐந்தாவது அலறலுக்குப் பிறகு அது உறைப்பதில்லை. போன வாரம் நடந்ததை நினைவூட்டும் வரிகளும் அப்படித்தான். 1951இல் படித்தவருக்கு அவை தேவைப்பட்டன. நேற்றிரவுதான் முந்தைய அத்தியாயத்தை முடித்தவருக்கு அவை கூறியது கூறலாகத் தெரியும்.

நாளைக்கு ஐந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் 293க்கு இரண்டு மாதம் ஆகும். இந்த நாவலுக்கு அதுதான் சரியான நடை என்பது என் முடிவு. இன்னொன்றும் செய்யலாம்: அத்தியாய முடிவில் நிறுத்தாமல் ஒரு பக்கம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். மறுநாள் அந்தத் திடுக்கிடலில் தொடங்கி அதன் விடையோடு சேர்த்துப் படிக்கும்போது, கல்கி அந்த முடிச்சை எங்கே போட்டார், எப்படி அவிழ்க்கிறார் என்ற கைத்திறன் தெரியவரும்.

வந்தியத்தேவன் வழியில் இருக்கும்வரை நாவல் உயிரோடு இருக்கிறது, அதனால் முதல் இரண்டு பாகங்களே எனக்கு மேலானவை. 91 அத்தியாயங்கள் கொண்ட ஐந்தாம் பாகம் நீளம்தான். போட்ட முடிச்சுகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் அவிழ்த்தாக வேண்டிய பொறுப்பில் அது நடை தளர்கிறது. நந்தினி பேசும் இடங்களை மட்டும் எந்தப் பாகத்தில் வந்தாலும் மெதுவாகப் படியுங்கள். அவள் பேச்சு ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கதை தெரியும் என்ற தைரியத்தில் அங்கேதான் தாண்டிப் போகிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் இதைப் போடுகின்றன, சுருக்கிய பதிப்புகளும் இதே பெயரில் கிடைக்கின்றன. பாகவாரியாக அத்தியாய எண்ணிக்கை 57, 53, 46, 46, 91 என்று இருக்கிறதா என்று பொருளடக்கத்தில் பாருங்கள், குறைந்தால் சுருக்கம். அந்தக் காலத்தில் வார இதழிலிருந்து தொடரைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைப்பார்கள். மணியம் ஓவியங்களோடு, ஓரத்தில் அன்றைய விளம்பரங்களோடு அப்படி ஒரு கட்டு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் ஒரு நாற்பது பக்கமாவது படித்துப் பாருங்கள். தொடர்கதையின் நடை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

எந்தப் புத்தகமானாலும் கடையிலேயே பாரங்களை, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுகளை, சரிபார்ப்பது நல்லது. பெரும்பாலான நாவல்கள் 16 பக்கப் பாரங்களாக அச்சாகி மடிக்கப்படுகின்றன. கோக்கும்போது ஒரு பாரம் விட்டுப்போகும், அல்லது ஒன்றே இரண்டு முறை வந்துவிடும். தவறு நடந்தால் சரியாக 16 பக்கம் காணாமல் போகும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டாம். 16க்குப் பிறகு 17, 32க்குப் பிறகு 33, 48க்குப் பிறகு 49 என்று பாரம் மாறும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும். முன்பக்கங்களுக்குத் தனி எண் போட்டிருந்தால் மாறும் இடம் தள்ளிப்போகும், ஆனால் இடைவெளி அதே 16தான். 700 பக்க நாவலுக்கும் இரண்டு நிமிடத்தில் முடியும். இதைச் செய்யாதவர்கள் “திடீர்னு கதை தாவுது, என்னமோ நவீன உத்தி போல” என்று பாராட்டுவதும் நடக்கிறது. இன்னொன்று, 400 பக்கம் என்ற எண்ணைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள். டெமியைவிடச் சிறிய கிரவுன் அளவில், பெரிய எழுத்தில் 400 பக்கம் என்பது டெமியில் 280கூட இருக்காது.

ஆழி சூழ் உலகு வேறு வகை நீளம். ஜோ டி குரூஸ் 2004இல் எழுதியது. ஆமந்துறை என்ற பரதவர் ஊரின் தலைமுறைகளைச் சொல்வது. நடுக்கடலில் மாட்டிக்கொண்டு மிதக்கும் மனிதர்களிடமிருந்து கதை பின்னோக்கிப் போய்ப் போய்த் திரும்ப அவர்களிடம் வருகிறது. இதில் தடுக்குவது முதல் 60 பக்கம். மொழி தடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மொழியைவிட அதிகம் தடுக்குவது பெயர்கள்.

சொற்களுக்கு வருவோம். ஒவ்வொரு தெரியாத சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கட்டுமரம் கரையிலேயே நிற்கும். காற்றின் பெயர்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு துண்டுத்தாளில் நான்கு திசை போட்டு வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பேச்சில் இவை திரிந்து வரும், திசையும் கொஞ்சம் சாய்ந்து வரும், பரவாயில்லை. நீரோட்டத்துக்கு நீவாடு. எந்தக் காற்றில் எந்தப் பக்கம் ஓடலாம் என்பது தெரிந்துவிட்டால் மீன் பெயர், வலை பெயர் எல்லாம் தானாக இடம்பிடித்துக்கொள்ளும். இந்தக் காற்றுப் பெயர்கள் தெற்கே மட்டும் இருப்பவை என்று நினைக்க வேண்டாம். அடையாறு முகத்துவாரத்தில் ஊரூர் குப்பத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கச்சானும் கொண்டலும் வாடையும் இன்றும் காதில் விழும்.

பெயர்களுக்கு வம்ச மரம் வரையாதீர்கள். மரம் வரையத் தொடங்கினால் ஐம்பதாவது பக்கத்தில் தாள் போதாது. வீடுவாரியாக எழுதுங்கள்: இந்த வீட்டில் இவர்கள், இவர்களுக்கு அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல், இன்னாரோடு பகை. ஒரு அஞ்சலட்டை அளவுத் தாள் போதும். முதல் நூறு பக்கத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு அமர்வாக முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு நாளைக்கு 40 பக்கத்துக்குக் குறையக் கூடாது. ரயிலில் ஆறு ஆறு பக்கமாகப் படிக்க ஏற்ற புத்தகமே இல்லை இது. ஒவ்வொரு முறையும் யார் யார் என்று கண்டுபிடிக்கவே அந்த ஆறு பக்கமும் செலவாகிவிடும். வீட்டில் அந்த அமைதி கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்கள், சன்னலோரம் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் யாரும் கலைக்க மாட்டார்கள்.

அந்த நடையில் படித்தபோது கடல் காட்சிகள் கிட்டத்தட்ட உடம்பில் ஏறிவிட்டன. தமிழில் கடல் இவ்வளவு வேலையாக, இவ்வளவு கூலியாக, இவ்வளவு பயமாக வந்த நாவல்கள் குறைவு. கரைக்கு ஏறியதும் சில இடங்களில் அந்த உறுதி தளர்கிறது. பாத்திரம் சொல்ல வேண்டியதை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். குறை என்று அதைச் சொல்வேன், ஆனால் புத்தகத்தை மூடுவதற்கான காரணம் என்று சொல்லவே மாட்டேன்.

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி கடல் கடந்த இன்னொரு நாவல். 1972இல் புத்தகமாக வந்தது. இதை ஒரே சீரான வேகத்தில் படிக்க முயல்வதுதான் தவறு. போர், தப்பித்தல், கொலை வரும் பகுதிகளை நாவலே ஓட்டிக்கொண்டு போகும், அங்கே நின்று ரசிக்க வேண்டாம். நாயகன் பாண்டியனின் மனதில் மதுரைத் தெருக்கள் பொங்கி வரும் பகுதிகளை வாய்விட்டுப் படியுங்கள். முற்றுப்புள்ளி தேடும் கண்ணுக்கு அவை குழப்பம். காதுக்கு அவை தெளிவு. பினாங்கில் நண்பர்கள் குடித்தபடி தமிழ்ப் பெருமையையும் இலக்கியத்தையும் துவைத்துக் காயப்போடும் இடத்துக்கு இரண்டு வாசிப்பு வேண்டும். முதல் முறை சிரிக்க, இரண்டாம் முறை யாரை, எதற்காக என்று பார்க்க.

தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் வரைபடம் பாருங்கள். சுமத்ராவில் மெடான், நீரிணைக்கு எதிர்ப்புறம் பினாங்கு. 1942இல் ஜப்பானியர் வந்ததும், 1945இல் சரணடைந்ததும், நடுவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் மனதில் இருந்தால் போதும். செட்டியார் வட்டிக்கடையின் படிவரிசை தெரிந்திருப்பது மிகவும் உதவும்: மேலே முதலாளி, கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலேயே ஒரு சமூகம் விரியும். இது கடினம் என்று தோன்றினால் 1959இல் வந்த அவரது கடலுக்கு அப்பால் எளிய வாசல். ஆனாலும் பெரியதை முதலில் படித்துவிட்டுச் சிறியதற்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம். சிறியதைப் படித்தவர்கள் அதே மாதிரி ஒரு நேர்க்கோட்டுக் காதல் கதையை எதிர்பார்த்து இங்கே வந்து ஏமாறுகிறார்கள்.

இதுவரை சொன்னது பெரிய நாவல்களைப் பற்றி. வேகமாகப் படித்துக் கெடுப்பதற்கு அசோகமித்திரனின் தண்ணீர் நல்ல உதாரணம். 1970களின் தொடக்கத்தில் கணையாழி இதழில் வந்தது. சின்ன நாவல், சின்ன வாக்கியங்கள், தெரிந்த சென்னை. மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு “நல்லாத்தான் இருந்தது, ஆனா ஒண்ணும் நடக்கலையே” என்பார்கள். நடந்ததெல்லாம் அவர்கள் தாண்டிப்போன அரை வாக்கியங்களில் இருக்கிறது. அசோகமித்திரன் முக்கியமானதை உரக்கச் சொல்வதே கிடையாது. குழாயடிச் சண்டைக்கு நடுவே, ஒரு கேள்விக்குப் பதில் வராமல் போவதில் வைத்துவிடுவார்.

இதை மூன்று நாளாகப் பிரியுங்கள். பென்சிலோடு உட்கார்ந்து, தண்ணீர் வரும் ஒவ்வொரு இடத்திலும் எங்கிருந்து வந்தது, எதில் பிடித்தார்கள், யார் தூக்கினார்கள் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள். பம்பு, குடம், வாளி, லாரி. இருபது முப்பது குறிப்பு சேரும்போது அந்தத் தெருவின் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு எடை தூக்குகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். நாயகி ஜமுனாவின் களைப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் பிடிபடும். டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் நின்றுவிடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம். ஆறுதல் சொல்லும் நோக்கமே இல்லாமல் ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுக்கும் ஆறுதல் அது. தமிழ் நாவல்களில் எனக்கு மிகப் பிடித்த பக்கங்களில் அவை சேரும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது இந்த நாவலைப் பலர் நினைவுகூர்ந்தார்கள். நல்லதுதான். ஆனால் குடிநீர்ப் பஞ்சத்தின் ஆவணம் என்று மட்டும் இதைப் பிடித்துக்கொண்டால் ஜமுனாவும் சாயாவும் பின்னால் போய்விடுகிறார்கள். அக்கா தங்கை உறவின் நாவலாக ஒருமுறை படித்துப் பாருங்கள், வேறொரு புத்தகம் கிடைக்கும்.

ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் வந்தது. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். ஒரு விடுமுறை நாளில் காலை, மதியம், இரவு என்று மூன்று அமர்வில் அதே நாளில் முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் இழுத்தால் அந்த நாளின் நெருக்கடி கரைந்துவிடும்.

இமையத்தின் செல்லாத பணம் 2018இல் வந்தது, 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, அவள் கட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டும் ரவி, தலைமையாசிரியரான அப்பா. தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அவள் கிடக்கும் நாட்கள்தான் நாவலின் பெரும்பகுதி. ‘இழுவை’ என்ற புகார் எழுவதும் சரியாக இந்தப் பகுதி மீதுதான். அதே உறவினர்கள், அதே அழுகை, அதே கேள்வி என்கிறார்கள். தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களுக்கு நேரம் அப்படித்தான் போகும். கையில் பணம் இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கையாலாகாமையை நூறு பக்கத்தில் சுருக்கினால் தலைப்பே பொருளற்றுப் போயிருக்கும். இங்கே நாவலின் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன்.

உரையாடல்தான் என்பதால் பக்கங்கள் வேகமாக ஓடும், 50 பக்கம் ஒரு அமர்வில் முடிந்துவிடும். அதோடு நிறுத்துங்கள். யார் குற்றவாளி என்று தேடிக்கொண்டு புரட்டினால் துப்பறியும் கதையாகிவிடும், அப்புறம் முடிவு பிடிக்கவில்லை என்பீர்கள். யார் பேசுகிறார்கள் என்று குழம்பினால் அந்த வரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள், குரல் காட்டிக்கொடுக்கும். தூங்கப் போகுமுன் படிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோ. தர்மனின் சூல் (2016, சாகித்திய அகாதெமி 2019) உருளைக்குடி என்ற கரிசல் ஊரின் கண்மாயைச் சுற்றி எழுந்தது. இதற்கு ஓர் ஒழுங்கான கதைப்போக்கைத் தேடினால் கிடைக்காது, தேடவும் வேண்டாம். திண்ணையில் ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் இடையில் புகுந்து வேறொன்றைச் சொல்வதுபோல் போகிறது. நாளைக்கு 20 பக்கம், நடுவில் இரண்டு நாள் விட்டாலும் குற்றமில்லை. மின்ரயிலுக்கு ஏற்ற பெரிய நாவல் ஒன்று வேண்டுமென்றால் இதைத்தான் கைகாட்டுவேன். நகரத்து வாசகர்கள் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டு போகலாம். நீரைத் திறந்துவிடும் இடம் மடை. நிறைந்தால் மிகுதி வழியும் இடம் கலிங்கு. நீரைப் பங்கிட்டு வயலுக்கு விடுபவர் நீர்ப்பாய்ச்சி. கோடையில் வெட்டியெடுத்து வயலுக்கு உரமாக வண்டியில் ஏற்றிப் போகும் வண்டல் கரம்பை. கரம்பை அடிப்பதால் கண்மாயும் ஆழமாகிறது, வயலும் செழிக்கிறது என்ற அந்த ஒரே வேலையின் இரட்டைப் பயன் புரிந்துவிட்டால் நாவலின் முதுகெலும்பு புரிந்த மாதிரி. பின்பகுதியில் நாட்டு அரசியல் உள்ளே வரும்போது குரல் மேடைப் பேச்சுக்கு ஏறுகிறது. கண்மாயை வைத்தே சொல்லியிருக்கக்கூடியதை வாயால் சொல்லிவிட்டார் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முன்னுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாவல்களில் முன்னுரை என்ற பெயரில் நண்பர்களும் விமர்சகர்களும் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் படியுங்கள். பின்னட்டையையும்தான்.

குறிப்பு எடுப்பதற்கு நோட்டு தேவையில்லை, புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கம் போதும், நூலகப் புத்தகமானால் ஒரு தாள். தொடங்கிய தேதி, முடித்த தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கத்தில் கைவிட நினைத்தேன், அன்றைக்கு எங்கே உட்கார்ந்து எவ்வளவு படித்தேன். இந்த ஐந்தும் எழுதியிருந்தால், ஆறு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது ‘நல்லா இருந்தது’ என்று மழுப்பாமல் 212ஆம் பக்கத்தை விரித்துக் காட்டலாம். கைவிட நினைத்த பக்கங்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அலுவலக நாளின் இரவு பத்தரை மணிக்குப் பிறகு படித்தவையாக இருக்கின்றன.

நடை இன்னும் பிடிபடாமல் இருப்பது சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள். 1981இல் வந்தது. முன்பாதியில் ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளனைத் தேடிப் பாலு போகிறான், பின்பாதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். முன்பாதி நாளைக்கு 30 பக்கம் என்று சுலபமாகப் போகிறது. நாட்குறிப்புக்கு வந்ததும் அதே வேகத்தில் போனால் ஒவ்வொரு வரியும் பொன்மொழிபோல் பளபளத்து, எதுவும் உள்ளே தங்காமல் வழிந்துவிடுகிறது. நாளைக்கு இரண்டு குறிப்பு என்று குறைத்தால் நன்றாகத் தங்குகிறது, ஆனால் பாலுவும் அவன் தேடலும் மறந்துபோய்விடுகின்றன. இப்போதைக்கு, தினமும் இரண்டு குறிப்புக்கு முன்னால் முன்பாதியிலிருந்து ஐந்து பக்கத்தைத் திரும்பப் படிப்பது என்று வைத்திருக்கிறேன்.